ஜப்லா ஊறிய தண்ணீர்

போன மாதம் நித்யா போன் செய்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த துணிப் பரிசோதனைக் கூடத்தில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசைக்கு வந்தவள். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

“செல்விக்கா, லேப்ல உக்காந்துகிட்டு நானே இதைக் கேக்குறேன்னு சிரிக்காதீங்க. குழந்தைக்குத் துணி எடுக்கணும். ஆர்கானிக் காட்டன்னு போட்டா ஒரு விலை, சும்மா காட்டன்னா ஒரு விலை. நிஜமாவே வித்தியாசம் இருக்கா? எங்க மாமியார், பஞ்சு பஞ்சுதானேங்கறாங்க.”

“இருக்கு. வாங்கு” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு அடங்கவில்லை. அவள் மாமியார் சொல்வதிலும் தப்பில்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் இரண்டு பஞ்சும் ஒரே மாதிரி முறுக்கிய நாடாவாகத்தான் தெரியும். பிறகு எந்தத் தைரியத்தில் ‘வாங்கு’ என்றேன்? யோசித்தால், நான் நேரில் பார்த்த சில மனிதர்களை வைத்துத்தான். போனில் அவ்வளவையும் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, பட்டாபிராமில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்கி வேலைக்குப் போகத் தொடங்கியபோது துணியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முதல் சில வருடங்கள் வெட்டுவது, எடை போடுவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது என்று ஓடிவிட்டன. குழந்தை சப்பினால் சாயம் இறங்குமா என்று பார்ப்பதற்காக உப்புகளைக் கலந்து செயற்கை எச்சில் தயாரிப்பது என் பொறுப்பு. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் என் தம்பி, “இன்னிக்கு எத்தனை லிட்டர் எச்சில்?” என்று கேட்பான்.

என்னை வேலை தெரிந்தவளாக ஆக்கியது எங்கள் லேப் மேனேஜர் எஸ்தர் மேடம். ஆவடிக்காரர். மெலிந்த உடம்பு, அதைவிட மெலிந்த குரல். அவர் பேசினால் ஏசி சத்தத்தைத் தாண்டிக் கேட்க நாங்கள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். சோதனை செய்யும் நாளில் பவுடர், கிரீம், சென்ட் எதுவும் கூடாது. யாராவது கைக்கு லோஷன் போட்டுக்கொண்டு வந்தால் ஒன்றும் சொல்லாமல் அவர்களைக் கணக்கு எழுதும் மேசைக்கு மாற்றிவிடுவார். துணி கொண்டு வருகிறவர்களிடம் அவருடைய முதல் கேள்வி, “இதை யாரும்மா போட்டுக்கப் போறாங்க?” என்பதுதான். அதற்குப் பதில் கிடைத்த பிறகே என்ன சோதனை என்று பேசுவார்.

ரிப்போர்ட்டில் ‘பாதுகாப்பானது’ என்று எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறார்கள். எஸ்தர் மேடம் எழுதியதில்லை. “நாம என்ன தேடினோமோ, அது இருந்துச்சா இல்லையான்னு மட்டும்தான் நமக்குத் தெரியும். தேடாததைப் பத்தி வாய் திறக்கக் கூடாது” என்பார்.

துணியில் நாங்கள் அதிகம் தேடியது பார்மால்டிஹைடு. காலேஜ் ஆய்வுக்கூடங்களில் தவளையையும் பாம்பையும் பாட்டிலில் போட்டு வைத்திருப்பார்களே, அந்தத் திரவத்தில் இருப்பது. சட்டை கசங்காமல் விறைப்பாக நிற்க அடிக்கும் பிசினிலிருந்தும் அது வரும். சோதனை எளிமையானது. துணியைப் பொடிப்பொடியாக நறுக்கி, அளவான தண்ணீரில் போட்டு, இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் ஆட்டுவோம். பிறகு வடிகட்டி, அந்தத் தண்ணீரில் ஒரு ரசாயனக் கலவையை விட்டுச் சூடு காட்டுவோம். பார்மால்டிஹைடு இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மஞ்சள். மெஷினில் வைத்து அளந்து பார்ப்பது அப்புறம்தான். பழகிய கண்ணுக்குச் சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அந்த மஞ்சள் மனிதர்களை என்ன செய்யும் என்று எனக்குப் புரிந்தது எஸ்டேட்டிலேயே ஒரு தையல் கம்பெனிக்கு மாதிரித் துணி வாங்கப் போன அன்று. கசங்காத சட்டைக்கான ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. இஸ்திரிப் பகுதியில் பெண்கள் வரிசையாக நின்று நீராவிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கண்ணிலும் தண்ணீர். புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே தேய்க்கிறார்கள். ஏதோ சாவுச் செய்தி வந்திருக்கிறது என்று நினைத்துப் பதறிவிட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம், துணி அப்படி. நாலு வெங்காயம் உரிச்சா வராதா, அது மாதிரி” என்று ஒரு அம்மா சிரித்தார்.

பிறகு ஒருமுறை அதே கம்பெனிக்கு எஸ்தர் மேடத்தோடு போனேன். அப்போது அவர்களுக்கு முதல் ஆர்கானிக் காட்டன் ஆர்டர் வந்திருந்தது. அந்தத் துணிக்கு விதிமுறை கடுமையானது. பூச்சிமருந்தும் ரசாயன உரமும் இல்லாமல் பஞ்சு விளைய வேண்டும் என்பதோடு முடியாது. நூற்பது, சாயம் போடுவது, தேய்ப்பது வரை எந்த ரசாயனம் தொடலாம், எது தொடக் கூடாது என்று தனியாக உண்டு. அந்தக் கசங்காத பிசினுக்கு அதில் இடம் இல்லை. சுவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். அதே பெண்கள், அதே நீராவி. ஆனால் ஒருத்தி இன்னொருத்தியிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வரிசை முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. வெங்காயக் கதை சொன்ன அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“பாத்தியா மேடம், இன்னிக்கு அழாமயே வேலை முடிச்சிட்டோம்.”

திரும்பி வந்து லேப் வாசலில் செருப்பைக் கழற்றும்போது எஸ்தர் மேடம், “போட்டுக்கறவங்களைப் பத்தி மட்டுமே கேட்டுகிட்டு இருந்திருக்கேன் பாரு” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவருடைய முதல் கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: “இதை யாரு தைக்கிறாங்க?”

துணி வரும் சங்கிலியில் அதற்கு முந்தின கண்ணியில் இருக்கும் ஒருவரையும் பார்த்தேன். பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்தி விவசாயி. ஆர்கானிக் பஞ்சு வாங்கும் நூற்பாலையின் ஆள் மருந்து எச்சம் பார்க்கப் பஞ்சு கொண்டு வந்தபோது, அவரையும் கூட அழைத்து வந்திருந்தார். வெள்ளை வேட்டியில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எஸ்தர் மேடம் மோர் வரவழைத்துக் கொடுத்து, “மருந்தை விட்டதுல என்ன லாபம்யா உங்களுக்கு?” என்று கேட்டார். விலை, மண்ணு, மண்புழு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“மொதோ ரெண்டு மூணு வருசம் நட்டந்தாங்க. காய் சிறுத்துப் போச்சு, ஊர்ல சிரிச்சாங்க” என்றார். “ஆனா முன்ன எல்லாம் மருந்து அடிச்சுட்டு வந்தேன்னா, எம்மவ ஓடி வருவா. ‘கிட்ட வராத, கிட்ட வராத’ன்னு கத்துவேன். மோட்டார்ல குளிச்சு, சட்டைய அங்கயே அவுத்துப் போட்டுட்டுதான் புள்ளைய தொடுவேன். அதுக்குள்ள அவ கோவிச்சுக்கிட்டுத் தூங்கிருவா. இப்ப அதெல்லாம் இல்லைங்க. வரப்புல இருந்து அப்படியே தூக்கியாந்துடுறேன்.”

அவர் கொண்டு வந்த பஞ்சில் நாங்கள் தேடிய மருந்து எதுவும் இல்லை. அந்த ரிப்போர்ட்டை டைப் செய்யும்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், என் சம்பள உயர்வுக் கடிதத்தைப் பார்த்தபோதுகூட வந்ததில்லை.

இனி மகேஸ்வரியின் கதைக்கு வருகிறேன். என் வேலை நாட்களிலேயே என்னை மிகவும் அலைக்கழித்த துணி அவளுடையதுதான்.

மகேஸ்வரி ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவள். அதை விட்டுவிட்டு, குமணன்சாவடியில் வாடகைக்கு ஒரு மாடி பிடித்து, நாலைந்து தையல் மெஷின் போட்டு, பச்சைக் குழந்தைகளுக்கு ஆர்கானிக் காட்டன் ஜப்லா தைக்க ஆரம்பித்தாள். முறையான சான்றிதழ் உள்ள மில்லில்தான் துணி எடுத்தாள். தைப்பதற்கு முன்பே துணியை எங்களிடம் கொண்டு வந்து சோதித்தாள், சுத்தமாக இருந்தது. பெங்களூரில் குழந்தைத் துணிக்கடைகள் நடத்துகிற ஒருவர் முதல் ஆர்டர் கொடுத்திருந்தார். தைத்து முடித்துப் பெட்டி போடுவதற்கு முன் அதிலிருந்து மறுபடி மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

அந்தச் சோதனையை நான்தான் செய்தேன். வெறும் சடங்கு என்று நினைத்துக்கொண்டு குழாயைத் தூக்கினேன். மஞ்சள். லேசாகக்கூட இல்லை, நன்றாகவே மஞ்சள்.

என் கை மேல்தான் முதல் சந்தேகம். புதுக் கலவை தயாரித்து, துணி போடாத வெறும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்து, மறுபடி செய்தேன். வெறும் தண்ணீர் தெளிவாக இருந்தது. ஜப்லா ஊறிய தண்ணீர் மஞ்சளாகத்தான் நின்றது. எஸ்தர் மேடத்திடம் காட்டினேன். குழாயைப் பார்த்துவிட்டு, “அவங்களை வரச் சொல்லு. போன்ல சொல்லாத” என்றார்.

மகேஸ்வரி கணவர் பாபுவோடு வந்தாள். பாபு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் எஸ்தர் மேடம் முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார். இருவரும் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார். மகேஸ்வரிக்கு முகம் செத்துப்போய்விட்டது.

பாபு எழுந்துவிட்டார். “இன்னா மேடம் இது? பச்சப் புள்ள போடுற துணில விஷமா கீது? அந்த மில்லுக்காரன் ஒரு துணிய காட்டிட்டு வேற துணிய தள்ளிவுட்டுகிறான். நீங்க எழுதிக் குடுங்க, மில்லுக்காரன் ஏமாத்திட்டான்னு. நான் போய் அவன் சட்டைய புடிக்கிறேன்.”

“உக்காருங்க தம்பி” என்றார் எஸ்தர் மேடம், குரலை இன்னும் இறக்கி. “துணி ஊறின தண்ணியில மஞ்சள் வந்துச்சு. அது மட்டும்தான் எனக்குத் தெரியும். மில்லுல நடந்ததை நான் பார்க்கல. பார்க்காததை எழுதமாட்டேன்.”

“அப்ப எங்க கதி?”

“கண்டுபிடிக்கலாம். டைம் குடுங்க.”

போகும்போது மகேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, எங்கிட்ட தைக்கிற பொண்ணுங்க கிட்ட இன்னான்னு போய் சொல்லுவேன்?” என்றாள்.

ஒவ்வொன்றாகப் பிரித்தோம். தையல் நூலைத் தனியாகச் சோதித்தேன், தெளிவு. கழுத்து லேபிள், பட்டன், உள்ளே கட்டும் நாடா, எல்லாம் தெளிவு. ஜப்லாவின் உடல் துணி மட்டும் மஞ்சள். முதல் தடவை சோதித்த துணியில் மிச்சம் வைத்திருந்த துண்டை எடுத்தோம். சோதனைக்கு வரும் எந்தத் துணியையும் அலுமினியத் தாளில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்பது எஸ்தர் மேடத்தின் கட்டளை. அந்தத் துண்டை நறுக்கிப் போட்டேன். தெளிவு. நெசவு, எடை, நூலின் தடிமன் எல்லாவற்றையும் ஒப்பிட்டோம். இரண்டும் ஒரே துணி. மில்லுக்காரர் மாற்றவில்லை. இங்கே சுத்தமாக இருந்த அதே துணி, குமணன்சாவடிக்குப் போய் ஜப்லாவாகித் திரும்பும்போது மஞ்சளாகியிருக்கிறது.

“கிளம்பு, போய்ப் பாத்துட்டு வருவோம்” என்றார் எஸ்தர் மேடம். மேனேஜர் ஒருவர் வாடிக்கையாளரின் மாடி ஏறிப் பார்க்கப் போவது எங்கள் கூடத்தில் வழக்கம் இல்லை. வானகரம், வேலப்பன்சாவடி வழியாகப் போய் இறங்கினோம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த ரோட்டில் தூசி புகை மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. மேடம் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தார்.

மாடி பளிச்சென்று இருந்தது. செருப்பை வெளியே விட வேண்டும். தைக்கிற பெண்கள் தலையில் துணி கட்டியிருந்தார்கள். வெட்டும் மேசையில் ஒரு நூல் பிசிறு கிடையாது. நான் பார்த்த பெரிய கம்பெனிகள் பலவற்றில் இவ்வளவு ஒழுங்கு இல்லை. எஸ்தர் மேடம் ஒவ்வொன்றையும் மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி அறையில், சுவர் முழுக்கக் கதவு போட்ட புது அலமாரி. பாபு முன்னால் போய்ப் பெருமையாகக் கதவைத் திறந்தார். உள்ளே ஜப்லாக்கள் மடித்து அடுக்கியிருந்தன.

“ரோட்டுத் தூசி இன்னா மாதிரி வருது பாத்தீங்கல்ல. எவ்ளோ மூடி வச்சாலும் வெள்ளத் துணில படிஞ்சுடுது. அதான் மேடம், ஆர்டர் வந்ததும் நானே நின்னு செஞ்சேன். ஒரு பொட்டுத் தூசி உள்ள போவாது.”

கதவு திறந்ததும் என் கண் கரித்தது. மேடத்தைப் பார்த்தேன். அவரும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தார். மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்யும் பலகை அது. அந்தப் பசையில் இருப்பதும் பார்மால்டிஹைடுதான். புதுப் பலகை, வெயில் காலம், இறுக மூடிய கதவு. உள்ளே, எதையும் உறிஞ்சிக்கொள்ளும் பருத்தி.

எஸ்தர் மேடம் பையிலிருந்து எங்கள் பழைய துண்டின் மிச்சத்தை எடுத்து இரண்டாக வெட்டினார். ஒன்றை அலமாரிக்குள் ஜப்லாக்களுக்கு நடுவே வைத்தார். இன்னொன்றை அலுமினியத் தாளில் சுற்றி, அறைக்கு வெளியே ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்தார். “ரெண்டையும் தொடாதீங்க. ரெண்டு நாள் கழிச்சு செல்வி வந்து எடுத்துக்குவா. எடுக்கும்போது நீங்க ரெண்டு பேரும் கூட இருக்கணும்” என்றார்.

அப்படியே எடுத்து வந்தேன். டப்பாவில் இருந்தது தெளிவு. அலமாரியில் இருந்தது மஞ்சள்.

செய்தியைக் கேட்டபோது பாபு நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கோபம் எல்லாம் போய், நிற்கத் தெரியாதவர் மாதிரி நின்றார். “நான் பண்ண அலமாரியா மேடம்? தூசி படக் கூடாதுன்னுதானே...” மகேஸ்வரி அவரைப் பார்த்து ஒரு சொல்கூடக் கடுமையாகச் சொல்லவில்லை. அவர் முழங்கையைத் தொட்டாள், அவ்வளவுதான்.

“தம்பி, இங்க பாருங்க” என்றார் எஸ்தர் மேடம். “குழந்தைத் துணியை மூடி வைக்கணும்னு உங்களுக்குத் தோணிச்சே, அது சரிதான். பலகை மட்டும்தான் தப்பு. இரும்பு ரேக் போட்டு, நல்லா அலசின பருத்தித் துணியால திரை போடுங்க. இது துணியில பிறந்த குறை இல்ல, மேல ஏறினது. தண்ணியில அலசினா இறங்கும். அலசிக் காய வச்சுக் கொண்டு வாங்க, மறுபடி பார்ப்போம்.”

பிறகு மகேஸ்வரியைப் பார்த்து, “இன்னொண்ணு. அந்த பெங்களூர்க்காரருக்கு மஞ்சள் வந்த ரிப்போர்ட்டையும் அனுப்பணும்” என்றார்.

மகேஸ்வரி பயந்துபோனாள். “வேணாம் மேடம். நல்லா வந்த ரிப்போர்ட்ட மட்டும் அனுப்புறேனே. மொத ஆர்டரு.”

“மஞ்சள் வந்தது, ஏன் வந்தது, என்ன பண்ணினீங்க, மூணையும் எழுதுங்க. நாளைக்கு வேற யாராவது சொல்லி அவருக்குத் தெரிஞ்சா, நீங்க எவ்வளவு நல்ல துணி தைச்சாலும் நம்பமாட்டாரு. ஆர்கானிக்னு சொல்லி விக்கிறவங்க கிட்ட ஜனங்க வாங்கறதே நம்பிக்கையிலதாம்மா. வயலுக்குப் போய் யாரு பாக்குறா?”

அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள் என்று பிறகு சொன்னாள். யோசித்து, அனுப்பிவிட்டாள். பெங்களூர்க்காரர் முதலில் சத்தம் போட்டாராம். பிறகு, மறு சோதனை முடியும்வரை காத்திருக்கிறேன், ஆனால் அதிலும் மஞ்சள் வந்தால் மொத்தமும் ரத்து என்று சொல்லிவிட்டார்.

குமணன்சாவடியில் அந்தத் தூசியில் எங்கே காய வைப்பது? வெள்ளானூரில் பாபுவின் அக்கா வீட்டு மொட்டை மாடி கைகொடுத்தது. லோடு ஆட்டோவில் ஜப்லாக்களும் தையல் பெண்களும் ஒன்றாகப் போனார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். எஸ்தர் மேடம் போகச் சொல்லவில்லை, எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. அண்டா அண்டாவாக வெறும் தண்ணீரில் அலசினார்கள். நீர் மாற்றி மறுபடி அலசினார்கள். மாடி முழுக்கக் கொடி கட்டிச் சின்னச் சின்ன ஜப்லாக்களைக் காயப் போட்டபோது, தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பாபு ஒவ்வொன்றையும் உதறி உதறித் தந்தார். “இன்னா அண்ணாத்தே, இத்தினி புள்ளைங்களா உனக்கு?” என்று கீழேயிருந்து யாரோ கேட்க, அந்த வாரத்தில் முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த துணி நல்ல மெதுமெதுப்பாக இருந்தது. அலசினால் பருத்தி இன்னும் இளகும்.

மறு சோதனை அன்று இருவரும் லேபுக்கே வந்துவிட்டார்கள். வாடிக்கையாளர்களை உள்ளே விடுவதில்லை. எஸ்தர் மேடம் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் நறுக்கினேன், எடை போட்டேன், ஊற வைத்தேன். வடிகட்டினேன். கலவையை விட்டுச் சூடு காட்டினேன். எப்போதும் இந்த இடத்தில் நான் பக்கத்து வேலையைப் பார்ப்பேன். அன்று குழாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆறியதும் எடுத்துப் போய் எஸ்தர் மேடத்திடம் கொடுத்தேன். மெஷினில் வைத்து அளந்தோம். பிறகு அவர் குழாயை இறுக மூடி, வெளியே கொண்டு போய் மகேஸ்வரியிடம் காட்டினார். மகேஸ்வரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னா மேடம், ஒண்ணுமே தெரியலியே?”

“தெரியாதும்மா” என்றார் எஸ்தர் மேடம். “இதுல தெரியறதுக்கு ஒண்ணும் இல்ல.”

அவளுக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். பாபு அந்தக் குழாயைத் தன் கையில் கேட்டு வாங்கினார். எழுந்து ஜன்னலருகே போய், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெறும் தண்ணீர் மாதிரி இருந்ததை, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.